சஹனை விட்டு எழும்பாத மத்தியானம்

போன கிழமை நம் மிளகு ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பிள்ளைக்கு டொக்டர் பட்டம் கிடைத்ததென்று கேக் வெட்டினீர்கள். ஓய்வு பெற்றுப் பல வருடமான என்னையும் கூப்பிட்டு, முன் கதிரையில் உட்கார வைத்து, "சேர், இங்கே முதலில் பட்டம் எடுத்தவர் நீங்கள்தான், இரண்டு வார்த்தை பேசுங்கள்" என்றீர்கள். நான் "சந்தோஷம்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கிழவனுக்கு எவ்வளவு கர்வம் என்று தேநீர் மேசையில் இரண்டு பேர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. கண்தான் மங்கிவிட்டது, காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

கர்வமில்லை பிள்ளைகளே. பட்டத்துக்கு விருந்து என்றாலே எனக்கு ஆகாது. காரணத்தை அன்று சொல்ல முடியவில்லை. கேக் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டு நிற்கிறவர்களிடம் சொல்லுகிற கதை இல்லை அது. அதனால் எழுதித் தருகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்ட வேண்டும் போலிருந்தால் திட்டிக்கொள்ளுங்கள்.

என் ஆராய்ச்சி மிளகுக் கொடியின் அடியழுகல் நோயைப் பற்றியது. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: கொடி தரையைத் தொடும் இடம் கறுத்து அழுகும், மேலே இலை மஞ்சளாகும், மழைக்காலமென்றால் பதினைந்து நாளில் கொடி மொட்டையாகிவிடும். மண்ணோடும் தண்ணீரோடும் அடுத்த கொடிக்குப் போகும். மாத்தளைப் பக்கத்தில் வீட்டுத் தோட்டத்து மிளகை நம்பிச் சமையல் நடக்கிற வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். நான் ஊரூராகப் போய்க் கொடிகளைச் சேர்த்து, நோய் மண்ணில் நட்டுப் பார்த்தேன். எல்லாம் செத்தன. ஒரே ஒரு கொடி சாகாமல் நின்றது. அந்தக் கொடிதான் என் பட்டம்.

அறுபதுகளின் கடைசிப் பக்கம் அது. கடைசி ஒன்றரை வருடம் வெளிநாட்டில் இருந்து எழுதி முடித்தேன். வாய்மொழித் தேர்வில் ஒரு பரீட்சகர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "உங்கள் கொடி சாகவில்லை, சரி. நோயைச் சுமக்கிறதா?" என்று கேட்டார். "அப்படி எதுவும் காணப்படவில்லை" என்றேன். பொய்யில்லை. காணப்படவில்லைதான். ஆனால் நான் தேடவும் இல்லை. அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

இதற்கு முன்பே நான் செய்த ஒரு களவையும் சொல்லிவிட வேண்டும். பரிசோதனைப் பாத்தியிலிருந்து ஒரு துண்டுகூட வெளியே போகக்கூடாது என்பது நிலையத்தின் சட்டம். அதைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டியவனே நான்தான். வெளிநாடு போவதற்கு முந்திய கிழமை, அதே நான் அந்தக் கொடியில் பத்துத் துண்டு வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, துணிப் பைக்கு அடியில் வைத்து, பல்லேபொலவில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் வாப்பாவிடம் கொடுத்தேன். வாப்பாவுக்கு மிளகுதான் உயிர். முந்திய மழையில் அவருடைய பாதித் தோட்டம் போயிருந்தது. வேறு எவருக்கும் முதல் என் தகப்பனுக்குக் கொடுக்காமல் என்ன படிப்பு என்று நினைத்தேன்.

"இது சாகாத கொடி வாப்பா. ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க" என்றேன்.

"நான் யாருக்கு மகன் சொல்லப் போறேன்?" என்றார்.

பட்டத்தோடு திரும்பி வந்து, விருந்துக்கு முந்திய நாள் பகல் வீட்டுக்குப் போனபோது முற்றத்தில் நாற்பது மூங்கில் குழாய்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் தோட்டத்து மண்ணை நிரப்பி, வேர் பிடித்த ஒரு மிளகுக் கன்று. பத்துத் துண்டை ஒன்றரை வருடத்தில் பெருக்கி வைத்திருந்தார் வாப்பா. குழாய்களுக்குப் பச்சைப் பெயின்ட்கூட அடித்திருந்தார்.

"விருந்துக்கு வாறவங்க வெறுங்கையோட போகக்கூடாது. வீட்டுக்கு ஒரு கொடி. பேரும் வச்சாச்சு, டொக்டர் கொடி!" என்று சிரித்தார்.

"வாப்பா, நாளைக்கு லொக்கு மாத்தயா வாறார்" என்றேன். எங்கள் நிலையத்தின் பெரிய அதிகாரியை அப்படித்தான் சொல்வோம். பெரிய ஐயா என்று அர்த்தம். சிங்களவர், நேர்மையான மனிதர், நேர்மையான மனிதர்களிடம் வரும் பயம் எல்லோருக்கும் அவரிடம் இருந்தது.

"வரட்டுமே. அவருக்கு ரெண்டு."

"ஐயோ வாப்பா, இது கந்தோர்க் கொடி, கவர்மென்ட் சொத்து. வெளிய கொண்டு வந்தது தெரிஞ்சா என் வேலை போயிரும்."

வாப்பாவின் முகம் சுருங்கியது. "ஊரெல்லாம் சொல்லிட்டேன் மகன். நாவுலவுக்கு ஆள் அனுப்பி உங்க மாமாவுக்கும் சொல்லிட்டேன். இப்ப இல்லைன்னா நான் எந்த மூஞ்சியோட பள்ளிக்குத் தொழப் போற?"

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். குழாய்களைப் பின்பக்கம் பலா மரத்தடிக்கு மாற்றுவது. நிலையத்து லொறி திரும்பிப் போன பிறகு ஊராருக்குக் கொடுப்பது. நாற்பதையும் நானும் வாப்பாவும்தான் தூக்கிப் போய் வைத்தோம். அப்போது என் பயமெல்லாம் லொக்கு மாத்தயா அந்தப் பக்கம் திரும்பிவிடக் கூடாது என்பதுதான். கன்றுகளை நான் ஒழுங்காகப் பார்க்கவே இல்லை. நோயைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதியவன், நாற்பது கன்றை இரண்டு கையாலும் தூக்கிச் சுமந்தவன், ஓர் இலையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கே லொறி வந்துவிட்டது. லொக்கு மாத்தயா முன்னால் உட்கார்ந்திருந்தார். பின்னால் கிளார்க்மார், தோட்டத்து ஆட்கள், நாற்று மேடையைப் பார்க்கிற செல்லம்மா, எல்லோரும் நல்ல உடுப்பில். வாப்பா ஓடிப்போய் எல்லோரையும் பந்தலுக்குக் கூட்டி வந்தார். செல்லம்மா மட்டும் பந்தலில் நிற்கவில்லை. நாற்று மேடையில் வேலை செய்கிறவர்களின் புத்தி உங்களுக்குத் தெரியும், எந்த வீட்டுக்குப் போனாலும் கொல்லைப் பக்கம்தான் கால் போகும். கொஞ்ச நேரத்தில் சமையல் பந்தலுக்குப் பின்னாலிருந்து எனக்குக் கை காட்டினார்.

"ஐயா, இது நம்ம மூணாவது பாத்திக் கொடியில்லீங்களா?"

"மெதுவாப் பேசுங்க செல்லம்மா."

"மெதுவாத்தான் பேசுறேன். எப்படி இங்க வந்துச்சுன்னு நான் கேக்கல. இந்த எலையப் பாருங்க."

பார்த்தேன். இலையின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, ஐந்து சதக் காசளவு. புள்ளியின் ஓரம் வெட்டினாற்போல் இல்லை, பிசிறு பிசிறாக வெளியே ஓடியிருந்தது.

"செத்த கொடியில எல்லாம் மொதல்ல இப்படித்தானேங்க வந்துச்சு" என்றார்.

"வெயில் பட்டாலும் கறுக்கும்" என்றேன். "சுடுசாம்பல் தெறிச்சாலும் கறுக்கும்."

"கறுக்குங்க. பிசிறு அடிக்குமா?"

அந்த இலையைக் கிள்ளிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் தண்ணீரில் போட்டு மூன்று நாள் வைத்து, நுணுக்குக்காட்டிக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். அதற்கு முன் ஒன்றும் சொல்ல முடியாது. இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தப் பரீட்சகரின் கேள்வி காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. சாகாத கொடி நோயைச் சுமக்குமென்றால் சாகிற கொடியை விட அது ஆபத்து. சாகிற கொடியை எவனும் வீட்டுக்குக் கொண்டு போகமாட்டான். நாற்பது வீட்டுத் தோட்டம். நாற்பதும் நான் கொடுத்தது.

அந்த நேரம் பார்த்து, "மகன், வாங்க, சஹன் வச்சாச்சு!" என்று வாப்பா கூப்பிட்டார்.

எங்கள் விருந்தில் உட்கார்ந்திராதவர்களுக்குச் சொல்கிறேன். சஹன் என்பது பெரிய தட்டு. பாயில் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். தன் பக்கத்துச் சோற்றைத் தான் எடுப்பது, நல்ல துண்டைப் பக்கத்திலிருப்பவருக்குத் தள்ளி வைப்பது, இப்படி அதற்கென்று ஒழுங்குகள் உண்டு. எல்லாவற்றிலும் பெரியது, ஆறாவது ஆள் முடிக்கும்வரை எவரும் எழும்பக்கூடாது. எழும்பினால் மற்ற ஐந்து பேரின் சோற்றையும் அவமதித்த மாதிரி. சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அவசரத்தில் ஒருமுறை எழும்பி, பெரியவர்கள் முன்னால் வாப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

என்னை லொக்கு மாத்தயாவோடு ஒரே சஹனில் இருத்தினார் வாப்பா. அவருக்குத் தனித் தட்டு தருகிறோம் என்று சொல்லியும், "வேண்டாம், எல்லோரும் சாப்பிடுகிற மாதிரியே" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றிப் பாயில் சப்பணம் கட்டி உட்கார்ந்துவிட்டார். எங்களோடு இரண்டு கிளார்க்மாரும், பக்கத்து வீட்டு நானாவும், பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கிற, பல்லில்லாத மரைக்காரும் இருந்தார்கள். அரிசி கூப்பனுக்கு வந்த காலம். இருந்தும் வாப்பா எங்கெங்கோ சொல்லிச் சேர்த்து நெய்ச்சோறு போட்டிருந்தார். லொக்கு மாத்தயாவை எண்ணி மாட்டிறைச்சியை விட்டுவிட்டுக் கோழியும், அச்சாறும், கடைசிக்கு இனிப்பாக வட்டிலப்பமும் செய்திருந்தார்கள். அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த சாப்பாட்டில் ஒரு வாய்கூட எனக்கு உள்ளே இறங்கவில்லை.

சோறு முடியட்டும், முடிந்ததும் வாப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம், லொறி போகும்வரை எப்படியும் எவருக்கும் கொடுக்கமாட்டார் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, சோற்றைக் கையால் அளைந்துகொண்டிருந்தேன். லொக்கு மாத்தயா ஒவ்வொரு எலும்பையும் விசாரணை செய்துதான் விட்டார். மரைக்கார் அதைவிட மோசம். சோற்றைப் பிசைந்து பிசைந்து கஞ்சியாக்கித்தான் வாயில் வைப்பார்.

பந்தல் துணியில் ஓர் இடைவெளி. அதற்குள்ளால் பலா மரத்தடி தெரிந்தது. அங்கே வாப்பா யாருடனோ நிற்கிறாரே என்று பார்த்தேன். காசிம் மாமா.

காசிம் மாமா என் உம்மாவின் தம்பி. நாவுலவில் ஓடைக்கரையில் அவருக்கு அறுபது மிளகுக் கொடி இருந்தது. அந்த வறண்ட பக்கத்தில் மிளகு வராது என்று எல்லோரும் சிரித்தபோது வாய்க்கால் வெட்டி, தண்ணீர் கட்டி, ஒவ்வொன்றாக வளர்த்த கொடிகள். பகல் பஸ்ஸை விட்டால் அவருக்குப் பிறகு சாயங்காலம்தான் பஸ். அதனால் முதல் பந்தியிலேயே சாப்பிட்டு முடித்துவிட்டுப் பயணம் சொல்ல வந்திருக்கிறார். அவ்வளவு தூரத்திலிருந்து வந்த மச்சினனை வெறுங்கையோடு அனுப்ப வாப்பாவுக்கு மனம் வருமா? பந்தல் பக்கம் ஒருமுறை களவாகப் பார்த்துவிட்டு, இரண்டு குழாயை எடுத்து மாமாவின் கையில் கொடுத்தார். மாமா அவற்றை மார்போடு அணைத்துக்கொண்டார்.

என் ஒரு முழங்கால் பாயை விட்டு எழும்பிவிட்டது. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மரைக்கார் இடது கையை என் தொடையில் வைத்து, "இரிங்க டொக்டர், இன்னும் ரெண்டு வாய்தானே" என்றார். லொக்கு மாத்தயா நிமிர்ந்து பார்த்தார். நான் திரும்பவும் உட்கார்ந்தேன்.

மரியாதைக்காக உட்கார்ந்தேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மரியாதை பாதி, பயம் பாதி. எழும்பினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் களவு வெளிவரும், களவோடு சேர்ந்து பட்டமும் சந்தி சிரிக்கும். ஒழுங்கு என்ற துணியை எடுத்துப் பயத்தின்மேல் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரோட்டில் பஸ் ஹோன் அடித்தது. நின்றது. பிறகு போகிற சத்தம் கேட்டது. அப்போது மரைக்கார் வட்டிலப்பத்தைத் தொடங்கியிருந்தார்.

கை கழுவத் தண்ணீர் வந்ததும் நேரே வாப்பாவிடம் போனேன். "கொடியக் குடுக்க வாணாம் வாப்பா. நோய் இருக்கு போல."

"என்ன மகன் பேசுறீங்க? சாகாத கொடின்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சாகாது வாப்பா. மத்ததுகளச் சாகடிக்கும்."

குரல் உயர்ந்துவிட்டது. லொக்கு மாத்தயா ஈரக் கையோடு பின்னால் வந்து நின்றார். நான் பையிலிருந்து இலையை எடுத்து நீட்டினேன். அவர் அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு பலா மரத்தடியைப் பார்த்தார்.

"எந்தப் பாத்தி?"

"மூன்றாவது, சேர். நான்தான் கொண்டு வந்தேன்."

"இலையை எப்போது கண்டாய்?"

"இப்போதுதான், சேர்" என்றேன்.

பின்னால் நின்ற செல்லம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

சாப்பிட்ட வீட்டில் சத்தம் போடுகிற மனிதரில்லை லொக்கு மாத்தயா. "திங்கட்கிழமை கந்தோருக்கு வா. இப்போது செய்ய வேண்டியதைச் செய்" என்று மட்டும் சொன்னார்.

செய்ததோ வாப்பா. முதலில் அவர் கண் கலங்கிப்போய் நின்றார். விருந்தாளிகள் கூடிவிட்டார்கள். யாரோ, "என்ன, கொடி இல்லையா?" என்று கேட்டதும் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "இல்ல. நோய் விழுந்திருக்காம். படிச்சவர் சொல்லுறார். நம்ம கையால உங்க தோட்டத்துக்கு நோயக் குடுக்க ஏலாது, மன்னிச்சுக்கங்க" என்றார். பிறகு சமையல்காரரிடம், பாத்திரம் கழுவக் கிடாரத்தில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரைக் கொண்டு வரச் சொன்னார். முப்பத்தெட்டுக் குழாயிலும் தன் கையாலேயே ஊற்றினார். ஒவ்வொன்றிலிருந்தும் ஆவி எழும்பியது. கன்றுகள் கண்ணுக்கு முன்னாலேயே துவண்டு விழுந்தன. விருந்தாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஸலாம் சொல்லிவிட்டு, வெறுங்கையோடு போனார்கள். உம்மா குசினி வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அதன் பிறகு வாப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் நாவுலவுக்குப் போனேன். பஸ் எங்கே நின்றாலும் இறங்கித் தள்ள வேண்டும் போலிருந்தது. மாமா இன்னும் நட்டிருக்கமாட்டார், நேற்றைய களைப்பில் குழாயைத் திண்ணையோரம் வைத்துவிட்டுப் படுத்திருப்பார் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே போனேன்.

"என்ன மகன் காலங்காத்தால! டொக்டர் வாறதுன்னா சொல்லி அனுப்பக் கூடாதா?" என்று சிரித்துக்கொண்டே எழும்பி வந்தார் மாமா.

"கொடி எங்க மாமா?"

"நேத்தே வச்சிட்டேன்! நல்ல எடத்துல வச்சிருக்கேன், வாங்க காட்டுறேன்."

வாய்க்காலின் தலைமாட்டில் வைத்திருந்தார். தோட்டத்திலேயே நல்ல இடம் அதுதான். அங்கிருந்துதான் தண்ணீர் அறுபது கொடிக்கும் போகிறது. வைத்த கையோடு தண்ணீரையும் திறந்துவிட்டிருந்தார். நான் மண்வெட்டியை வாங்கி, இரண்டையும் மண்ணோடு தோண்டி எடுத்து, குழியில் கொதிநீர் ஊற்றினேன். வாய்க்காலை அடைத்தேன். சுண்ணாம்பு போட்டேன். போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். மாமா நின்று கேட்டார்.

"நேத்தே சொல்லிருக்கலாமே மகன்?"

"நீங்க போனதுக்குப் பொறகுதான் மாமா கண்டேன்."

"அப்படியா. அப்ப நீங்க என்ன செய்ற? அல்லாஹ் நாடினது" என்று சொல்லி, எனக்குத் தேநீர் போடச் சொன்னார்.

மூன்றாம் நாள் கண்ணாடியில் பார்த்தேன். அதேதான். சந்தேகமே இல்லை. திங்கட்கிழமை லொக்கு மாத்தயா என் கோப்பில் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தைப் போட்டார். இரண்டு வருடச் சம்பள உயர்வை வெட்டினார். "இந்தக் கொடி சாகாமலே நோயைச் சுமக்கும் என்று நீயே எழுதி, நீ படித்த இடத்துக்கு அனுப்பு. அச்சிலும் போடு" என்றார். செய்தேன். அதனால் பட்டம் போகவில்லை. அதுவும் எனக்கு அப்போது ஆச்சரியமாகத்தான் இருந்தது.

மழை தொடங்கிய இரண்டாம் மாதம் மாமா மாத்தளைக்கு வந்தார். கையில் வாழை இலையில் சுற்றிய மஞ்சள் இலைக் கட்டு. "இது என்னன்னு பாத்துச் சொல்லுங்க மகன்" என்று என் மேசையில் வைத்தார். பார்க்கத் தேவையே இல்லை. மழை முடியும்போது அறுபதில் பதினொன்று மிஞ்சியது. அடுத்த வருடம் அதுவும் இல்லை.

இங்கே நீங்கள் என்னிடம் எதிர்பார்க்கிற புத்திமதியைச் சொல்லிவிடுகிறேன், அதற்கும் சேர்த்துத்தானே எனக்கு ஓய்வூதியம் தருகிறார்கள். நிச்சயமாகும்வரை பேசாதே என்று நமக்குச் சொல்லித் தருகிறார்கள். எழுதுவதற்கு அது சரி. நோய் கையை விட்டுப் போகிற நேரத்தில் அது சரியில்லை. சந்தேகத்தில் தடுத்து வைத்ததை மூன்று நாள் கழித்து, பிழை என்னுடையது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடலாம். பஸ் ஏறிப் போனதை என்ன செய்வீர்கள்? இன்னொன்று, உங்களுக்கு இலையைக் காட்டுகிற செல்லம்மாக்களை நம்புங்கள். ஒருநாள் எங்கள் செல்லம்மா நாற்று மேடையில் குனிந்து களை பிடுங்கிக்கொண்டே, "ஐயா, எலைய நான் சோத்துக்கு முன்னாடியே காட்டினேங்க" என்றார். "ஓம், காட்டினீங்க" என்றேன். "தெரிஞ்சா சரிங்க" என்றார். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

எழுபதுகளின் கடைசியில் காசிம் மாமாவின் இளைய மகளுக்கு ஆசிரியை நியமனம் கிடைத்தது. வீட்டில் விருந்து. நாவுலவுக்குப் போனேன். ஓடைக்கரையில் மிளகு ஏறியிருந்த மரங்கள் வெறும் மரங்களாக நின்றன. கீழே மிளகாயும் கத்தரியும் போட்டிருந்தார். மாமா என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தன் சஹனிலேயே இருத்திக்கொண்டார். "எங்க டொக்டர்" என்று மற்ற நாலு பேருக்கும் அறிமுகப்படுத்தினார். தன் பக்கத்திலிருந்த கோழித்துண்டை என் பக்கம் தள்ளி வைத்தார்.

அந்தத் துண்டை என்னால் எடுக்க முடியவில்லை.

"மாமா," என்றேன், "அன்னைக்கு நீங்க கொடியத் தூக்கிட்டுப் போகும்போது அந்த இலை என் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. சோத்துக்கு முந்தியே கண்டுட்டேன். நீங்க போறதையும் பாத்துட்டேன்."

மாமாவின் கை சோற்றில் நின்றது.

"பொறகு ஏன் மகன் சொல்லல?"

"சஹன்ல இருந்தேன் மாமா. எப்படி எழும்புற? பயமும்தான்."

பத்து வருடம் கழித்து வாயால் சொல்லும்போது எனக்கே அது எவ்வளவு சின்னக் காரணமாகக் கேட்டது! மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோபப்பட்டதை நான் பார்த்ததே இல்லை. அன்றும் குரல் உயரவில்லை.

"எழும்பிருந்தா ஒரு நாள் உங்களப் பத்திப் பேசிருப்போம்" என்றார். "மறுநாள் மறந்திருப்போமே மகன்."

சொல்லிவிட்டு, தட்டில் பாதிச் சோறு இருக்க, கையில் ஒட்டிய பருக்கையோடு, எழும்பி நின்றார். வீட்டுக்காரர், வயதில் மூத்தவர், சஹனை விட்டு எழும்பிவிட்டார். மற்ற நாலு பேரும் திகைத்து அவரை அண்ணாந்து பார்த்தார்கள். இளையவர் ஒருவர், "என்ன காக்கா, எங்க போறீங்க?" என்று கேட்டார். மாமா கிணற்றடிப் பக்கம் கை கழுவப் போனார். அவர்கள் அவர் போவதைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு குனிந்து சாப்பிடத் தொடங்கினார்கள்.

நான் அப்போதும் எழும்பாமல்தான் உட்கார்ந்திருந்தேன்.